ஒரு கை பாக்கி

கிள்ளானில் தம்பி கோவிந்தராஜுவின் வீட்டுக்குள் நுழைந்த மரகதம், துணிப்பையைக் கீழே வைக்காமலே முகம் சுளித்தாள். மேசையில் பாதி தைத்த ஒட்டுப் போர்வை, நாற்காலியில் ஓரம் மடிக்காத திரைச்சீலை, தையல் மெஷினில் ஒரே ஒரு கையோடு பாஜு கூரோங் என்ற மலாய்ச் சட்டை.

"என்ன செண்பகம், போன தீபாவளிக்கும் இந்தச் சட்டைக்கு ஒரு கைதானே இருந்துச்சு?"

"நேரமே கெடைக்கல அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"ஒண்ண முடிக்காம இன்னொண்ண தொடுற. இந்த வருசமாச்சும் திருந்தியிருப்பேன்னு மூணு பிள்ளைங்களுக்கும் துணி கொண்டாந்தேன் பாரு. சொந்தத்துல தையக்காரி இருந்து என்ன பிரயோசனம்? கடையிலயே குடுத்துக்கிறேன் லா."

"உங்க இஷ்டம் அண்ணி."

அக்காவின் கார் சந்து திரும்பும்வரை கோவிந்தராஜு பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. பிறகு எழுந்து படுக்கையறைக் கதவைத் திறந்தான். உள்ளே, வாடிக்கைக்காரர்களுக்குத் தைத்து இஸ்திரி போட்ட பதினோரு உடுப்புகள் வரிசையாகத் தொங்கின.

"வெளிய கெடக்கிறதையெல்லாம் எடுத்து வச்சிடவா?"

"வேணாங்க. நாளைக்கு உங்க தங்கச்சி ஓசியில தைக்கக் குடுக்க வருது. போர்வையில மட்டும் தூசி தட்டிடுங்க. மூணு வருசத் தூசி, அது கண்டுபிடிச்சிடும்."