இன்னாசியின் உயரம்

வெள்ளைக்காரன் காலத்து மாதா கோயில். மேல்ஜன்னலின் நீலக் கண்ணாடி வழியே இறங்கும் மத்தியான வெயிலில், சூசையம்மாளின் மடியில் தலைமாடும் தரையில் கால்மாடுமாகக் கிடக்கும் மெழுகுவத்தி நீலம் பாரித்துத் தெரிகிறது. ஆள் உயர மெழுகுவத்தி. செங்கொடி பிடித்துக் கூலி நெல் கூடுதலாகக் கேட்டு ஜெயிலுக்குப் போன மகன் இன்னாசி உயிரோடு திரும்பினால், அவன் உயரத்துக்கு ஒன்று ஏற்றுவதாக நேர்ந்திருந்தாள். திரும்பினான். அன்றே அவனைச் சுவரோரம் நிறுத்தி, உச்சியிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து அளந்து, வார்க்கக் கொடுத்தாள். அது வார்த்து வருவதற்குள் மிராசுதாரின் ஆட்கள் அவனை வயலிலேயே வெட்டிப் போட்டுவிட்டார்கள். வெளியே களத்தில் கதிரடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. உத்தரத்தில் ஒரு புறா இடம் மாறி உட்காருகிறது. சூசையம்மாள் திரியைத் தலை கோதுவதுபோல் கோதிக்கொண்டிருக்கிறாள். உபதேசியார் தீப்பெட்டியோடு வந்து பக்கத்தில் குனிகிறார். “கொளுத்திடும்மா. நேர்ந்துக்கிட்டத மாதாவுக்குச் செலுத்திடணும்.” அவர் குச்சியை உரசுகிறார். அவள் சட்டென்று உள்ளங்கையால் திரியை மூடிக்கொள்கிறாள்.

“வேணாங்கய்யா. கொளுத்துனா எம் புள்ள ஒசரம் கொறஞ்சு போயிடும்.”