கூடத்துக்குள் ஒரு குளம்

ஊர்க் குளத்தைத் தூர்த்து, அதன்மேல் ஒரு கண்காட்சிக் கூடம் கட்டினார்கள். போன குளத்தின் ஞாபகமாக உள்ளே ஒரு நீல விளக்கையும் ஒரு ஒலிபெருக்கியையும் வைத்தார்கள். விளக்கு தரையில் அலை அலையாக வெளிச்சம் விடும். ஒலிபெருக்கி தவளை மாதிரி கத்தும்.

"என் தண்ணியில நனைஞ்சிடும்னு புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறாங்க, பார்த்தியா?" என்றது விளக்கு.

"அது என்ன பெரிசு? நான் கத்தினா நிஜத் தவளையே தோத்துப்போகும்" என்றது ஒலிபெருக்கி.

அப்போது கதவிடுக்கு வழியாக ஒரு பெண் தவளை உள்ளே வந்தது. உடம்பெல்லாம் ரோட்டுப் புழுதி.

"கூப்பிட்டது நீங்கதானா? ரொம்ப தூரத்துலேருந்து வர்றேன். முட்டையிடணும். தண்ணி எங்கே?"

ஒலிபெருக்கிக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா! தவளையே நம்பிடுச்சு!"

விளக்குக்குப் பொறுக்குமா? "இதோ இருக்கு தண்ணி" என்று இன்னும் நீலமாக எரிந்தது.

தவளை ஆசையாகத் தாவியது. சிமென்ட் தரையில் சொத்தென்று விழுந்தது. வயிற்றைத் தரையோடு ஒட்டி, இங்கும் அங்கும் நகர்ந்து ஈரம் தேடிப் பார்த்தது. பிறகு அசையவில்லை.

பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். "தவளையைப் பாருங்க, அப்படியே நிஜம் மாதிரி செஞ்சிருக்காங்க!" என்றார் ஒருவர்.

"இந்தக் கைதட்டல் எனக்கு" என்றது விளக்கு.

"உனக்கா?" என்ற ஒலிபெருக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த தவளையைக் கூப்பிடத் தொடங்கியது.