உப்பில்லாத சூப்

“தனியார் கொம்பனி நடத்திற மறியலில வேலை செய்யிற பொடியனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்க ஏலாது.”

நித்தியானந்தன் இப்படிச் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மனைவி புஸ்பவதி வந்து அதைக் குறைத்தார்.

மகள் வேணுஜாவைப் பெண் பார்க்க வரும் சேயோன், இன்னும் சற்று நேரத்தில் ஹம் நகர ஸ்டேஷனில் வந்து இறங்கிவிடுவான். மறியலில், அதாவது சிறையில், கைதிகளுக்குச் சமைத்துப் போடும் தனியார் நிறுவனத்தில் அவன் மேற்பார்வையாளர். சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர் புஸ்பவதி. பிள்ளைகள் இருவரும் போனில் பேசி, மனமும் ஒத்துப்போய்விட்டது.

“சாவி அரசாங்கத்தின்ரை கையிலதான் இருக்கு. கொம்பனி பாக்கிறது சமையலும் சலவையும்தானே” என்றார் புஸ்பவதி.

நித்தியானந்தன் விடுவதாக இல்லை. சிறையை வியாபாரமாக்கினால் உள்ளே ஆள் கூடக்கூட லாபம் என்றாகிவிடும், பிறகு மனிதனைத் திருத்த எவன் மெனக்கெடுவான் என்று ஒரு பிடி பிடித்தார். பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் அவருடைய பயத்துக்குக் காரணம் அந்த நியாயம் அல்ல.

போன வருடம் அதே சிறையில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தவர் அவர். நேரத்துக்கு வராத ரயிலுக்கு எதற்கு டிக்கெட் என்பது அவருடைய கொள்கை. திரும்பத் திரும்பப் பிடிபட்டும், அபராதம் கட்டமாட்டேன் என்று வீம்பு பிடித்ததில் உள்ளே தள்ளிவிட்டார்கள். வீட்டில் ‘கூர்’ போவதாகச் சொல்லிவைத்தார். அதாவது, காப்புறுதிக்காரர் செலவில் முதுகுவலிக்குக் கடற்கரையில் சிகிச்சை. சிறை வாசல் வரை காரில் கொண்டுபோய் விட்ட நண்பர் இராயப்புவைத் தவிர ஓர் ஈ காக்கைக்கும் விஷயம் தெரியாது.

இந்தப் பொடியன் மட்டும் அடையாளம் கண்டுவிட்டால், பெற்ற மகள் முன்னால் மானம் கப்பலேறிவிடும்.

சேயோன் வந்து அமர்ந்தான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான். நித்தியானந்தன் ஹீட்டர் எரிகிற அறைக்குள் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்துத் துணியால் மோவாயையும் மூடினார். சளி பிடித்துத் தடிமனாம். வேர்த்து ஊற்றியது. அப்படியிருந்தும் அவருடைய வாய் சும்மா கிடக்கவில்லை. இந்தப் பேச்சிலேயே பையன் ரோசப்பட்டு எழுந்து போனால் நல்லதுதானே என்று நினைத்தார்.

“தம்பி, லாபம் பாக்கிறதுக்கு உங்கட கொம்பனி உப்பிலயும் கை வைக்குமாம். அந்தச் சூப்பை வாயில வைக்க ஏலாது எண்டு ஆக்கள் சொல்லுகினம்.”

சேயோன் கோபப்படவில்லை. “இல்லை அங்கிள், எல்லாற்றை சாப்பாட்டுக்கும் அளவா உப்புப் போடுறனாங்கள். போன வருசம் ஒரேயொரு ஆளுக்குத்தான் போடேல்லை.”

“அது ஏன்?”

சேயோன் புஸ்பவதியைப் பார்த்தான். வேணுஜா வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினாள்.

புஸ்பவதி ஆவி பறக்கும் சூப் கோப்பையைக் கணவர் முன்னால் வைத்தார்.

“இராயப்பு அண்ணை அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டார். உங்களுக்குப் பிரஷர் எல்லோ, உப்புப் போடவேண்டாம் எண்டு சொல்ல மறியல் குசினிக்குப் போன் அடிச்சனான். இந்தத் தம்பி எடுத்து அவ்வளவு பொறுமையாக் கதைச்சவர், வேணுஜாவுக்கு இவர்தான் எண்டு அப்பவே நினைச்சிட்டன். தொப்பியைக் கழட்டிப்போட்டுக் குடியுங்கோ, இதிலயும் உப்பில்லை.”