மேல்தட்டு எலிகள்

"மனுஷங்ககிட்ட யோசனை கேக்குறதை நான் விட்டு ரொம்ப நாளாச்சும்மா. தள்ளி நில்லு, டைப் பண்ணணும்" என்றார் புரபசர்.

ஆராய்ச்சி மாணவி தள்ளி நின்றாள். உடம்பு இளைக்க அவர் கண்டுபிடித்த மருந்தைப் பற்றிய கட்டுரை சாயந்திரம் பத்திரிகைக்குப் போகிறது. மருந்து தின்ற எலிகள் எல்லாம் சிக்கென்று இருந்தன. தின்னாத எலிகள் தொந்தியும் தொப்பையுமாகக் கீழ்த்தட்டில் தூங்கின.

"சார், அந்த மேல்தட்டு விஷயம்..."

"அதைச் சொல்லித்தான் சோடாபுட்டி வெளிய போனான். நீயும் போறியா?"

சோடாபுட்டி அவளுக்கு சீனியர். "மருந்து குடுத்த எலியை மட்டும் ஏசிக்கு நேரா மேல்தட்டுல வச்சா, குளிர்ல நடுங்கியே இளைக்குமே சார்? அப்புறம் மருந்து எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். தீசிஸ் முடித்து வைத்திருந்தவனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அன்றைக்கே துரத்திவிட்டார்.

லேபுக்கென்றே வாங்கிய ஏஐ பெட்டிக்குப் பக்கத்து அறைதான் இடம்; புரபசர் தன் கம்ப்யூட்டரில் தட்டினால் அங்கிருந்து பதில் வரும். கூண்டு இருக்கும் இடம் முதல் எலியின் எடை வரை எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டு, 'குறை ஏதாவது உண்டா?' என்று தட்டினார் புரபசர்.

எப்போதும் சட்டென்று கொட்டுகிற பதில், இன்று திக்கித் திணறி வந்தது.

'மருந்து எலியெல்லாம் ஏசிக்கு நேராக இருக்கிறது. இளைத்தது மருந்தாலா, குளிராலா? தட்டை மாற்றி வைத்து மறுபடி செய்யுங்கள். இப்படியே அனுப்பினால் ஊரே சிரிக்கும்.'

அந்த ஏசியிலும் புரபசருக்கு வியர்த்தது.

"நல்லவேளை, மானத்தைக் காப்பாத்திட்டான். கட்டுரையை நிறுத்தும்மா."

"சோடாபுட்டியும் இதையேதான் சார்..."

"அவன் பேசினது வாய்க்கொழுப்பு. இது அறிவு. இப்படி ஒருத்தன் எனக்கு ஸ்டூடண்டா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவேன்."

"நிஜமாவா சார்?"

"அத்தனை எலி மேலயும் சத்தியம்."

அப்போது ரிப்பேர்க்காரர் ஒரு பெட்டியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க ஏஐ பெட்டி சார். நேத்து புகைஞ்சு போச்சுன்னு இந்தப் பொண்ணுதான் குடுத்துவிட்டுச்சு. பழையபடி பக்கத்து ரூம்லயே மாட்டிடவா?"

பக்கத்து அறைக் கதவு திறந்தது. தீசிஸும் பேனாவுமாக சோடாபுட்டி எட்டிப் பார்த்தான்.

"கண்ணை மூட வேண்டாம் சார். கையெழுத்து கோட்டுக்கு மேல வந்தா போதும்."