கடைசி வயல் யாருடையது?

"கஷ்டமான கேள்வி அத்தனையும் சரியா எழுதிட்டு, சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சதைக் கோட்டை விட்டிருக்கியேம்மா!"

தமிழரசன் சார் விடைத்தாளைத் திருப்பிக் காட்டினார். மன்னார்குடியில் அவர் நடத்தும் பயிற்சி மையத்தில் வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் இலவச இடம். அதற்கான தேர்வில் நாற்பத்தைந்து மார்க் வேண்டும். எழில்மொழி எடுத்தது நாற்பத்து நாலு.

அவளுக்கு வயது முப்பது. விட்டால் அடுத்த வருஷம் வயலா, வீடா, பிள்ளையா என்று இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி இதுதான். ஒரு வாய்க்காலில் மூன்று வயல். மதகை ஒட்டியது காத்தான் வயல். அம்சம் வயல் நடுவில். கோடியில் நாகம்மாள் வயல். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கடைசியாகப் பாய்ந்த வயல் யாருடையது?

"நாகம்மாள் வயல். இதுல என்ன யோசனை? நீ காத்தான்னு எழுதியிருக்கே."

"எந்தப் பக்கத்துலேர்ந்து முறை ஆரம்பிக்குதுன்னு கேள்வியில சொல்லலையே சார்."

சாருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகப் புதிர் எழுதுகிறவர். தன் குறிப்புகளில் ஊசி நுழைய இடமிருக்காது என்று வகுப்புக்கு வகுப்பு பெருமை அடித்துக்கொள்கிறவர்.

"தண்ணி மதகுலேர்ந்துதானேம்மா வரும்? மதகை ஒட்டின வயல்தான் முதல்ல பாயும். ஒரு மார்க்குக்காக வாய்க்காலையே திருப்பி விடுறியே!"

"இல்ல சார். சில ஊர்ல முறைத்தண்ணி விட்டா கடைமடைக்குத்தான் முதல் முறை. கோடி வயல் பாய்ஞ்சு, நடு வயல் பாய்ஞ்சு, மதகை ஒட்டினவங்க கடைசியாத்தான் பாய்ச்சணும். இல்லேன்னா கோடிக்குத் தண்ணி போய்ச் சேராதுல்ல?"

சார் கேள்வித்தாளை இன்னொரு முறை படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். ஓட்டை இருந்தது. மனிதர் கோபக்காரர்தான், ஆனால் நியாயஸ்தர்.

"சரிம்மா. குறிப்பு போதாது. ரெண்டு விடையும் சரின்னு எல்லாருக்கும் மார்க் போட்டுடறேன். உனக்கு நாற்பத்தஞ்சு. வேற யாரும் அந்த மார்க்கைத் தொடலை. இடம் உனக்குத்தான். சந்தோஷமா?"

"சந்தோஷம் சார். ஆனா நீங்க எந்த விடையை எதிர்பார்க்கிறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா மாத்தி எழுதினே? நான் மார்க் போடாம விட்டிருந்தா?"

"போனா போகுதுன்னுதான் எழுதினேன்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த முறை இருக்கிறது எந்த ஊரும்மா?"

"உங்க ஊருதான் சார், பெரியவங்க காலத்து முறை. மதகை ஒட்டி இருக்கறது உங்க வயல். கோடியில இருக்கறது எங்க வயல். உங்க ஆளு பக்கிரி எங்க பக்கம் தண்ணி போற மடையை அடைச்சு ஒன்பது நாள் ஆச்சு. கதிர் வர்ற நேரம், எங்க நிலம் வெடிச்சுக் கெடக்கு. எங்க வீட்டுக்காரரு மூணு தடவை உங்க வீட்டு வாசலுக்கு வந்து நின்னாரு. நீங்க பார்க்கவே இல்ல. விடைத்தாளுன்னா கட்டாயம் படிப்பீங்கல்ல?"

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. 'நம்ம வயல் நிறைஞ்சப்புறம் திறந்தா போதும்' என்று பக்கிரியிடம் சொன்னவரே அவர்தான். போனை எடுத்தார்.

"பக்கிரி, மடையைத் திறந்து விடு. இப்பவே."

"நம்ம வயல் இன்னும் நிறையலைங்களே?"

சார் சிவப்புப் பேனாவால் தன் விடைக்குறிப்பில் இருந்த 'நாகம்மாள்' என்ற பெயரை அடித்தார்.

"நம்ம வயல் கடைசிடா."