கொல்லை ஜன்னல்

துபாய்க்குப் போன கணவன் சைபுல்லாவிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதமும் இல்லை, போனும் இல்லை. கடைசியாக வந்தது அவன் பேசி அனுப்பிய ஒரு கேசட்தான். "நான் வர்றதுக்குள்ள அடுப்பங்கரையை மாத்திடு நஜ்மா" என்று அதில் சொல்லியிருந்தான். மாற்றிவிட்டால் வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். வேறு எதை நம்புவது? கொத்தனார் வைரக்கண்ணுவை வரச்சொல்லிவிட்டாள்.

"கொல்லைப் பக்கத்து ஜன்னலை அடைக்கணும்மா. காத்தடிச்சா கேஸ் அடுப்பு அணைஞ்சிடும்."

"அதுல தலையை நீட்டித்தாண்ணே என் மச்சான் டீ கேப்பாங்க."

"வந்தா வாசல் வழியா வந்து கேக்கட்டுமே!"

நஜ்மா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அடைங்க."

சாயங்காலம், இருமிக்கொண்டே கடைசிக் கல்லை வைத்தார் வைரக்கண்ணு. "மேடை எவ்வளவு உயரம்?"

"அவங்களே சொல்லியிருக்காங்க, கேளுங்க."

கேசட்டைப் போட்டாள். தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். உயரத்தைச் சொன்ன பிறகு, 'உடம்பைப் பார்த்துக்க' என்று வரும்.

"மேடை ரெண்டே முக்கால் அடி போதும்" என்றது சைபுல்லாவின் குரல். பிறகு கொத்துக்கரண்டி கல்லில் உரசும் சத்தம் வந்தது. பிறகு ஓர் இருமல்.

"இது என் இருமல்ம்மா" என்றார் வைரக்கண்ணு.

"வைரக்கண்ணுண்ணே, அந்தக் கடைசிக் கல்லை வைக்காதீங்க. நான் கொல்லையிலதான் நிக்கிறேன்" என்றது கேசட்டில் சைபுல்லாவின் குரல்.

வைரக்கண்ணு கொல்லைக்கு ஓடிப் பார்த்தார். "யாரும் இல்லம்மா!" என்று கத்தினார்.

நஜ்மா காதில் விழவில்லை. ஈரம் காயாத சிமெண்டை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.