இருநூறு மீட்டரில் இடதுபக்கம்

இறுக்கமான மஞ்சள் நிற சைக்கிள் பனியனோடு வெற்றிவேல் கூடத்துக்குள் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. குடியிருப்போர் சங்கச் செயலாளர். தெருமுனையில் பால் வாங்கக்கூட ஸ்கூட்டரில் போகிறவர்.

ஞாயிறு மாலை. சிட்லபாக்கத்தின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், முப்பது பேர் கையில் சமோசாவோடு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரில் வீடியோ ஓடியது. இத்தாலியில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மலைகளில் அவர் ஐந்து நாள் சைக்கிள் ஓட்டிய வீடியோ. ஹெல்மெட்டில் கேமரா மாட்டி எடுத்தது.

மூன்றாவது வரிசையில் யூனிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது பதினெட்டு பர்சென்ட் ஏத்தம். பாதிப் பேர் இறங்கித் தள்ளினாங்க" என்றார் வெற்றிவேல்.

கூடம் உச்சுக்கொட்டியது.

ஒன்பது, என்று யூனிஸ் நினைத்தாள். அதுவும் நானூறு மீட்டர்தான். அதற்குப் பிறகு ஒரே இறக்கம்.

அடுத்து, சைக்கிளைத் தலைக்குமேல் தூக்க முயன்று முடியாமல் பாதியில் நிற்கும் அவருடைய படம் வந்தது. சைக்கிளின் கீழ்த்தண்டு தடித்திருந்தது. உள்ளே பேட்டரி. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வியர்வையைப் பற்றி நிறையச் சொன்னார்.

வழியில் எல்லாத் தோட்டத்திலும் இறங்கியிருந்தார். எல்லாப் படத்திலும் கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை.

"கிரேப் ஜூஸ்" என்றார், முன்வரிசையில் இருந்த மனைவி ஹேமாவதியைப் பார்க்காமல்.

"ஜூஸா அது?" என்று யூனிஸின் காதில் கேட்டாள் பக்கத்து வீட்டு ரத்தினபாய்.

மூன்றாவது ஜூஸுக்குப் பிறகு வீடியோவில் சாலை இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது.

அவர் பாடிக்கொண்டே ஓட்டினார். வலதுபக்கம் ஒரு வெள்ளைக் கம்பம் வந்தது. அதில் அம்புக்குறி வலதுபக்கம் காட்டியது. கேமரா அதை நன்றாகவே பார்த்தது. அவர் நேரே போனார். இரண்டு நிமிடத்தில் சக்கரம் பாதிவரை யாரோ ஒருவருடைய தோட்டத்துச் சேற்றில் புதைந்திருந்தது.

"பாருங்க, டூர் கம்பெனி மேப்பை நம்பினதுக்கு" என்றார் வெற்றிவேல். "எவனோ ஏசி ரூம்ல உட்கார்ந்து இஷ்டத்துக்குப் போட்டிருக்கான். ஒரு ஸ்டார் கொடுத்து, காரசாரமா மெயிலும் தட்டிட்டேன். இந்நேரம் அவனுக்கு வேலையே போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். யூனிஸ் சிரிக்கவில்லை.

"மறுநாள் மேப்பை ஆஃப் பண்ணிட்டேன். மனசு சொன்ன பக்கம் போனேன். அப்பத்தான் கிடைச்சுது இந்த இடம். யாருக்கும் தெரியாத இடம் சார் இது."

அவர் சொல்லி முடிப்பதற்குள், வீடியோவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், இருநூறு மீட்டரில் இடதுபக்கம் திரும்பும்படி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னது.

வெற்றிவேல் பாய்ந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

சுவரில் ஒரு மேடு. மேட்டின்மேல் சின்னதாக, ஓடு வேய்ந்த பழைய தேவாலயம். மூன்று பக்கமும் கொடிகள் வரிசை வரிசையாக இறங்கிப் போயின. யூனிஸ் கட்டியிருந்த கைகளை எடுத்தாள். நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

விளக்கைப் போட்டார்கள். யாராவது கேள்வி கேட்கலாம் என்றார் வெற்றிவேல். விசாவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று ஒருவர் கேட்டார். தயிர்சாதம் கிடைத்ததா என்று இன்னொருவர்.

யூனிஸ் எழுந்தாள்.

"சார், அந்தச் சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்குமே. தண்ணி வருதா?"

"வருதே. ஐஸ் மாதிரி இருந்துச்சு. ரெண்டு பாட்டில் பிடிச்சேன்." சொல்லிவிட்டு அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா வீடியோவுல அது வரலையே மேடம். நீங்க அங்க போயிருக்கீங்களா?"

"இல்ல சார். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. அந்த ரூட் போட்டது நான்தான்."

கூடத்தில் சமோசா மெல்லும் சத்தம்கூட நின்றது.

கேளம்பாக்கத்தில், அந்த டூர் கம்பெனிக்கு மேப் போடும் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில், எட்டு மாதம் அந்த மலைகளின் செயற்கைக்கோள் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு திருப்பமாக வைத்தவள் அவள். தேவாலயத்தின் பின்சுவரோரம் ஒரு கறுத்த ஈரத்திட்டு தெரிந்தது. குழாய் என்றாள் அவள். நிழல் என்றார் மேலாளர். கடைசியில் 'தண்ணீர் கிடைக்கலாம்' என்று போட்டார்கள். அந்த வழியில் போன எவரும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த ஒரு ஸ்டார் மெயில் அவள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. தவறான வழிகாட்டல் பற்றித் திங்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்று மேலாளர் அவளுக்கு அனுப்பியிருந்தார். கீழே வாடிக்கையாளரின் பெயர் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் வெற்றிவேல் அவளிடம் வந்தார். பனியனை வயிற்றுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் மேடம். மெயிலை வாபஸ் வாங்கிடறேன்."

"வேணாம் சார். நீங்க ஒண்ணும் எழுத வேணாம். வீடியோவை மட்டும் அனுப்பிடுங்க. நான் போட்ட ரூட்டும் அந்த வெள்ளைக் கம்பத்துல வலதுபக்கம்தான்."

அங்கேயே நின்று அனுப்பினார். ஹேமாவதி எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை, கேட்ட விளக்கத்தை யூனிஸ் உடனே எழுதவில்லை. முதலில் அந்த மலையைத் திறந்தாள். தேவாலயத்துக்கு வந்து, 'கிடைக்கலாம்' என்பதை அழித்துவிட்டு, 'கிடைக்கும்' என்று அடித்தாள்.